கிள்ளி வைத்ததும் முளைத்து வந்ததும்



தூத்துக்குடியில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு ஜன்னல் கம்பியில் மணி பிளான்ட் படர்ந்திருக்கும். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு கணு கேட்டு வாங்கி, பாட்டில் தண்ணீரில் போட்டு வைத்ததாக இருக்கும். அந்த அக்கா தன் மதினி வீட்டிலிருந்து கொண்டு வந்திருப்பார். மதினிக்கு யார் கொடுத்தார்கள்? இப்படிக் கேட்டுக்கொண்டே பின்னால் போனால் வரிசை முடியவே முடியாது. காரணம், மணி பிளான்ட் தானாகப் பூப்பதில்லை. வளர்ப்பில் அது கடைசியாகப் பூத்ததாகப் பதிவான ஆண்டு 1964. பூப்பதற்கு வேண்டிய ஜிப்ரலின் என்ற ஹார்மோனைச் சுரக்கவைக்கும் மரபணு அதில் சரிவர இயங்கவில்லை என்பதை 2016இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பூ இல்லாததால் விதையும் இல்லை. கிள்ளி வைக்கும்போதெல்லாம் அதே செடிதான் இன்னொரு வீட்டில் தொடர்கிறது.

கிள்ளி வைப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நம் வீட்டுத் தொட்டிகளில் பாதி அப்படிக் கைமாறி வந்தவைதான். ஆனால் குரோட்டன்ஸ், ஆந்தூரியம், அக்லோனிமா, கோலியஸ் என்று இலைக்காக வளர்க்கிற செடிகள் மணி பிளான்ட் போல அல்ல. அவை பூக்கும், காய்க்கும், விதை தரும். நாமோ பூங்கதிர் தலைகாட்டியதுமே சத்து வீணாகிறது என்று நறுக்கிப் போட்டுவிடுகிறோம். இந்த மாதம் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரே ஒரு கதிரையாவது நறுக்காமல் விட்டுவையுங்கள்.

கரும்பை நினைத்துப் பாருங்கள். கரணை வைத்துப் பயிராக்குவதுதான் நமக்குத் தெரிந்த வழக்கம். 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு நிலையத்தில் சி.ஏ.பார்பரும் டி.எஸ்.வெங்கடராமனும் கரும்பின் பூவை மதித்தார்கள். ‘வெள்ளை’ என்ற கரும்பையும் காட்டு நாணலையும் சேர்த்து விதை எடுத்தார்கள். அப்படிப் பிறந்த கோ 205 என்ற ரகம் 1918இல் வட இந்திய வயல்களுக்குப் போனது. எத்தனை தலைமுறை கரணை நட்டாலும் வந்திருக்காத உறுதி, விதை வழியாக வந்தது.

நம் கடற்கரைக்கும் இந்தப் பாடம் உண்டு. கடலடிப் பாறைத் திட்டுகளான பார்களில் சிப்பி விளைந்த ஆண்டு முத்துக்குளிப்பு நடக்கும். விளையாத ஆண்டு வெறும் கடல்தான். 1961க்குப் பிறகு அந்தப் பெரிய குளிப்புகள் நின்றே போயின. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே.அழகர்சாமியும் அவருடைய குழுவினரும் 1973இல் வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார்கள். அதற்கும் சிப்பி வேண்டுமே! 1981இல் தூத்துக்குடி ஆய்வகத்திலேயே முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிக்கவைத்து, நுண்பாசி ஊட்டி வளர்த்தார்கள். அந்தக் குஞ்சுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘விதை’ என்பதே. கடல் கொடுக்கும்வரை காத்திருந்த ஊர், விதையிலிருந்து வளர்க்கக் கற்றுக்கொண்டது.

வீட்டில் இதை எப்படிச் செய்வது? செடிகளைச் சேர்ப்பது என்றதும் பலரும் ஒட்டுக் கட்டுவதை நினைப்பார்கள். இது அதுவல்ல, ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றின் சூல்முடியில் சேர்ப்பது. வெல்வெட் இலையில் வெள்ளி நரம்பு ஓடும் ஆந்தூரியத்தை எடுத்துக்கொள்வோம். மடலுக்கு நடுவே நிற்கும் கதிரில் ஊசிமுனை அளவு பூக்கள் நெருக்கமாக இருக்கும். முதலில் அவை பெண்மைப் பருவத்தில் இருக்கும். கதிரின்மேல் தேன்போல ஒட்டும் துளிகள் அரும்பினால் அதுவே அடையாளம். சில நாட்களோ வாரங்களோ கழித்துத்தான் அதே கதிரில் மகரந்தம் மாவாக உதிரும். இரண்டும் ஒரே நேரத்தில் வாய்ப்பதில்லை என்பதால், முன்னால் பூத்த செடியின் மகரந்தத்தைச் சின்னத் தூரிகையால் காகிதத்தில் தட்டி, மடித்து, பிரிட்ஜின் பிரீசரில் வைத்துக்கொள்ள வேண்டும். துளி அரும்பிய செடியில் நாலைந்து நாள் காலையில் தடவிவிட வேண்டும். பிடித்துவிட்டால் கதிர் பருக்கும். காய் பழுக்க ஆறு முதல் ஒன்பது மாதம்கூட ஆகலாம்.

முதல் தடவை காய்த்தபோது நான் செய்த தவறு இன்றும் மனதை உறுத்துகிறது. கத்தரி விதையைப் போல நிழலில் உலர்த்தி எடுத்துவைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. இந்த விதைகள் காய்ந்தால் செத்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. பழத்தைப் பிதுக்கி, வழுவழுப்பைக் கழுவி, அன்றைக்கே ஈரத் தேங்காய் நார்த்தூளின்மேல் வைத்துவிட வேண்டும். மண்ணால் மூட வேண்டாம். மூடி போட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பா போதும். நம் ஊரில் மக்ரூன் வாங்கிய டப்பாவுக்கா பஞ்சம்? ஒன்றிரண்டு வாரத்தில் பச்சை முளை எட்டிப் பார்க்கும்.

தண்ணீர்தான் நமக்குப் பெரிய சோதனை. போர் தண்ணீரின் உப்பு, குருத்து இலையின் ஓரத்தைக் கருக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடத்தில் பிடித்து மூடி வையுங்கள்; நாற்றுகளுக்கு அது மட்டும் போதும். ஆனால் நாற்றுகள் கொஞ்சம் தேறியதும் நம் காற்றையும் வெயிலையும் பழக்குங்கள். வெளியூர்களின் ஈரக் காற்றில் வளர்ந்து லாரி ஏறி வரும் செடிகள் இங்கே இரண்டே மாதத்தில் வாடுவதைப் பார்க்கிறோம். நம் மாடியிலேயே முளைத்து, சித்திரை வெயிலையும் கடற்காற்றையும் தாண்டி நிற்கும் நாற்று இந்த ஊரின் செடி. ஐ.ஏ.எஸ். பணியிலிருந்து ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் குடியேறிய எம்.எஸ்.வீரராகவன், வெப்ப நாடுகளுக்கு ஏற்ற ரோஜா வேண்டும் என்று நம் நாட்டுக் காட்டு ரோஜாக்களைச் சேர்த்தே புதிய ரகங்களை உருவாக்கினார். இந்தோனேசியாவின் கிரிகோரி ஹம்பாலி, சுமத்திராவின் ஒரு காட்டு அக்லோனிமாவைச் சேர்த்து 1980களில் ‘பிரைட் ஆஃப் சுமத்ரா’ என்ற சிவப்புச் செடியைக் கொண்டுவந்தார். தன் மண்ணில் இருப்பதிலிருந்தே இருவரும் தொடங்கினார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கோலியஸில் தொடங்கலாம். அதன் நீலப் பூங்கதிரைக் காயவிட்டால் பொடிப்பொடியாக விதை கிடைக்கும். ஈர மண்மேல் தூவுங்கள்; அதற்கு வெளிச்சம் வேண்டும். இரண்டே மாதத்தில், ஒரு தாயின் பிள்ளைகள் ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் நிற்பதைப் பார்க்கலாம். அடுத்தது குரோட்டன்ஸ். அதில் ஆண் கதிர் வேறு, பெண் கதிர் வேறு; மூன்று விதை கொண்ட காய் பழுத்ததும் வெடித்துச் சிதறும் என்பதால் முன்பே வலைத்துணி கட்டிவிடுங்கள். வெள்ளைத் திட்டு விழுந்த செடிகளை மட்டும் நம்பி ஏமாற வேண்டாம். அந்தத் திட்டு பெரும்பாலும் விதைவழி வருவதில்லை. எதைச் செய்தாலும் தாய் எது, தகப்பன் எது, எந்தத் தேதி என்று சீட்டு எழுதிக் கட்டுங்கள். சீட்டு இல்லாத நாற்று ஊர் பேர் தெரியாத பிள்ளை.

எல்லா நாற்றும் அழகாக வராது. பெரும்பாலானவை சாதாரணமாகத்தான் இருக்கும். மூட்டை மூட்டையாகச் சிப்பி திறந்தவர்கள் வாழ்ந்த கரை இது. ஆணிமுத்து எத்தனை சிப்பிக்கு ஒன்று என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாதாரணமானவற்றை அக்கம்பக்கத்துக்குக் கொடுங்கள். அவையும் ஒரு வாசலைப் பச்சையாக்கும். உங்கள் கண்ணில் நிற்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அதைக் கிள்ளிக் கொடுக்கலாம். பக்கத்து வீட்டு அக்கா வாங்குவார், அவர் மதினி வாங்குவார். பல ஆண்டு கழித்து, இது எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டுக்கொண்டே பின்னால் வந்தால், அந்த வரிசை உங்கள் வீட்டு மாடியில் வந்து நிற்கும்.

அன்புடன்,
ஆசிரியர்