பேசா நெஞ்சம்

திருக்குறட் காமத்துப்பாலில் 'நெஞ்சொடு கிளத்தல்' என்றோர் அதிகாரம் உண்டு. ஆண்டுத் தலைவி பேச, நெஞ்சு கேட்கின்றது. யாம் ஈண்டு எழுதப் புகுந்தது, தன் நோயைத் தானே சொல்லமாட்டாத நெஞ்சைப் பற்றி. தமிழ் பயில்வார்க்கு மருத்துவம் எற்றுக்கு என்று வினவும் அன்பர் சற்றே பொறுப்பாராக.

டூஷேன் தசைச்சிதைவு என்பது மரபுவழி வரும் அரிய நோய். ஏறத்தாழ 5,000 ஆண்மகவுகளுள் ஒன்றைப் பற்றுவது. தசைநாரைக் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதம் உடலில் அமையாமையே காரணம். நாலைந்து வயதுச் சிறுவன் அடிக்கடி விழுவான்; தொடையிற் கையூன்றி எழுவான்; 12 வயதளவில் சக்கர நாற்காலியைச் சேர்வான். கால் தளரக் கண்டு கலங்கும் பெற்றோர், இதயமும் தசையே என்று எண்ணுவதில்லை. எண்ணுதற்கு ஏதுவும் இல்லை. மேடேறின் மூச்சிரைக்கும் என்பது இதயநோயின் குறி. நடக்கவே இயலாத சிறுவன் மேடேறுவது எங்ஙனம்? காலின் நோய் நெஞ்சின் நோயை மறைத்துவிடுகின்றது.

ஆதலின் குறி தோன்றுமளவும் காத்திருத்தல் ஆகாது; நோய் தெரிந்த நாள்தொட்டு ஆண்டுதோறும் இதயத்தைச் சோதித்தல் வேண்டும் என்பது மருத்துவர் துணிபு. எக்கோ சோதனை இதயத்தின் இறைக்கும் வலிமையை அளக்கும். அவ்வலிமை குன்றுமுன்பே தசையிடைப் படரும் தழும்பை எம்.ஆர்.ஐ. படம் காட்டவல்லது.

முன்னறிந்து பயன் என்னை? பிரான்சு நாட்டில், இதயம் நன்னிலையில் இருந்த 57 சிறுவருள் 28 பேருக்கு, இரத்த அழுத்தத்திற்கு வழங்கும் பெரிண்டோபிரில் மாத்திரையை முதலிலேயே கொடுத்தனர். ஏனை 29 பேருக்கு 3 ஆண்டு கழித்துக் கொடுத்தனர். பத்தாண்டு முடிவில் முன்னவருள் 26 பேரும் பின்னவருள் 19 பேருமே உயிருடன் இருந்தனர். 2007-இல் வெளியான இக்கணக்குச் சிறிய கூட்டத்தினது. எனினும் அதனை எளிதிற் கடந்துசெல்ல எம்மால் இயலவில்லை.

2021-ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கை, நோயாளி ஒருவர்க்கு 50 இலட்சம் ரூபாய் வரை உதவ வழி செய்கின்றது. அதற்குரிய சிறப்பு மையங்களுள் ஒன்று பெங்களூரில் உளது; தளியில் வாழ்வார்க்குச் சென்னையினும் அண்மையது. ஆயினும் நடக்கவியலாத மகனைப் பேருந்து மாற்றிக் கொண்டுசெல்ல, ஓசூரில் நாட்கூலி பெறும் தந்தைக்கு எத்தனை முறை கூடும்? அருவிலை மருந்துக்கு எழும் குரல், ஆண்டுக்கொரு சோதனைக்கு எழக் காணோம். ஓசூரிலேயே ஆண்டில் ஒருநாள் இச்சிறுவர்க்கென ஒதுக்குக. தளிப் பக்கத்தில் வழங்கும் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் செய்தி செல்க. அன்னையரையும் அன்றே சோதித்தல் வேண்டும். இம்மரபணுக் குறையைத் தாங்கும் தாயின் இதயமும் பின்னாளில் தளர்வதுண்டு. மகனைத் தூக்கிச் சுமப்பவளும் அவளே.