வாடகை வீடும் வாய்மொழி ஒப்பந்தமும்

 

சென்ற ரமழானின் நடுப்பகுதியில், என்னிடம் ஓதிவந்த மாணவன் ஒருவன் திடீரென வருவதை நிறுத்திவிட்டான். விசாரித்தபோது காரணம் தெரிந்தது. ஆறு ஆண்டுகளாகக் குடியிருந்த வீட்டைப் பெருநாளுக்குள் காலி செய்யுமாறு வீட்டு உரிமையாளர் கூறிவிட்டார். வாடகை பாக்கி இல்லை. வேறு புகாரும் இல்லை. கூடுதல் வாடகை தர ஒருவர் முன்வந்தார், அவ்வளவே. தண்ணீர் மோட்டாரை நிறுத்தியதும் அக்குடும்பம் வெளியேறியது. அட்வான்ஸ் தொகையும் முழுமையாகத் திரும்பவில்லை. அந்த உரிமையாளர் முதல் வரிசையில் நின்று தொழுபவர்.

"ஒப்பந்தப் பத்திரம் எங்கே?" என்று கேட்டேன். "நம்மவர்களுக்குள் எழுத்து எதற்கு என்று சொல்லிவிட்டார், ஹஜ்ரத்" என்றார் மாணவனின் தந்தை.

எழுதாமல் இருப்பது நம்பிக்கையின் அடையாளம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில், வலியவர் தம் விருப்பம்போல் சொல் மாறுவதற்கான வசதியே அது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். தவணை குறித்த கடனை எழுதிவைப்பதையும் அதற்குச் சாட்சி வைப்பதையும் பற்றியே அது பேசுகிறது. தொகை சிறிதாயினும் எழுதச் சலிப்படையலாகாது என்கிறது. அதை முதலில் செவியுற்றவர்கள் நபித்தோழர்கள். அவர்களுக்கே எழுத்து வேண்டியிருந்ததெனில், நாம் எம்மாத்திரம்?

இஜாரா எனும் வாடகை ஒப்பந்தத்தில் வீட்டின் பயன் விற்கப்படுகிறது. தொகையும் காலமும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் பாலபாடம். மத்யன் நகரில் மூஸா (அலை) அவர்கள் பணிக்கு அமர்ந்தபோதும் எட்டு ஆண்டுகள் என்று காலம் பேசப்பட்டதை அல்கஸஸ் அத்தியாயம் கூறுகிறது. காலம் பேசி முடித்தபின் ஒப்பந்தம் இருவரையும் கட்டுப்படுத்தும். தம் வீட்டுக்கு அதிக வாடகை கிடைக்கிறது என்பதற்காக உரிமையாளர் அதை இடையில் முறிக்க ஷாஃபிஈ மத்ஹபிலும் இடமில்லை, ஹனஃபி மத்ஹபிலும் இடமில்லை.

நாட்டுச் சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். ஒப்பந்தக் காலத்துக்குள் வெளியேற்ற வேண்டுமாயின், சட்டம் கூறும் காரணத்தைக் காட்டி வாடகை நீதிமன்றத்தின் ஆணையைப் பெற வேண்டும். தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்க உரிமையாளருக்கு அதிகாரமில்லை.

கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எழுத்து ஒப்பந்தம் செய்யாமையே வெளியேற்றுவதற்குரிய காரணங்களுள் ஒன்றாக இச்சட்டத்தில் உள்ளது. ஆக, "எழுத்து எதற்கு?" என்ற அந்த இனிய சொல், குடியிருப்பவரின் காலடி மண்ணையே பறித்துவிடுகிறது.

"எழுதிக் கொடுத்தால் காலி செய்ய மாட்டார்கள்" என்பது உரிமையாளர்களின் வாதம். அவர்களது அச்சம் பொய்யன்று. தவணை முடிந்தபின்னும் வீட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது கஸ்பு எனும் அபகரிப்பு. ஒரு சாண் நிலத்தை அபகரித்தவனுக்கும் கடும் எச்சரிக்கை ஹதீஸில் வந்துள்ளது. ஆனால் அந்த அச்சத்துக்கு மருந்தும் எழுத்துதான். முடிவுத் தேதி எழுதப்பட்டிருந்தால், அது உரிமையாளருக்கே முதல் சான்று.

வாடகையை ஐந்தாம் தேதி பிசகாமல் வாங்கிக்கொண்டு, ரசீதும் தராமல், அட்வான்ஸிலும் காரணமின்றிக் கைவைப்பவர் முதஃப்பிஃபீன் அத்தியாயத்தின் தொடக்கத்தை ஒருமுறை பொருளுணர்ந்து ஓதட்டும். தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாகவும், பிறருக்கு அளக்கும்போது குறைவாகவும் நடப்போருக்குக் கேடு என்பது தராசு பிடித்த வணிகருக்கு மட்டும் உரியதன்று.

நிகாஹ் பதிவேட்டில் மஹரையும் சாட்சிகளையும் எழுதும்போது "நம்மவர்தானே" என்று எவரும் பேனாவைக் கீழே வைப்பதில்லை. ஒரு குடும்பத்தின் கூரை அதைவிட அற்பமானதா? ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் வாடகை ஒப்பந்தப் படிவம் ஒன்றை வைத்திருந்து, இரு சாட்சிகளுடன் எழுதுவித்து, ஆளுக்கொரு பிரதி தந்து, பதிவுக்கும் வழிகாட்டட்டும். ஜும்ஆ பயானில் இதைப் பேச ஆலிம்கள் தயங்க வேண்டாம். வீட்டு உரிமையாளர்கள் நிர்வாகத்தில் இருந்தாலும் சரியே.

வாக்கை அமானிதமாகப் பேணும் மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.