சொந்தப் பெயர் இல்லாத பெண்கள்

பள்ளியில் சேர்ந்ததும் நாம் ஆசையோடு எழுதப் பழகுவது நம் பெயரைத்தான். சிலேட்டிலும் நோட்டுப் புத்தகத்திலும் அதை எழுதி எழுதிப் பார்த்து மகிழாதவர் நம்மில் யார்? ஆனால், பாரெங்கும் புகழ் பரப்பிய உரோமாபுரியில் பிறந்த பெண் குழந்தைக்கு அந்த மகிழ்ச்சி பெரும்பாலும் கிட்டவில்லை. அவளுக்கென்று ஒரு தனிப் பெயரே இல்லை!

இதை அறிய இலத்தீன் மொழியில் ஒரு சிறு பாடம் போதும். அம்மொழியில் ஆண்பாற் பெயர்கள் பல 'உஸ்' என்றும், பெண்பாற் பெயர்கள் பல 'ஆ' என்றும் முடியும். காயுஸ் ஜூலியுஸ் சீசர் என்னும் பெயரில் காயுஸ் என்பது அவருக்கு இட்ட பெயர், ஜூலியுஸ் குலப்பெயர், சீசர் குடும்பப் பெயர். பெண்ணுக்கோ குலப்பெயரின் ஈறு மட்டும் மாறும். ஜூலியுஸ் குலத்தில் பிறந்தவள் ஜூலியா. கொர்னேலியுஸ் குலத்தில் பிறந்தவள் கொர்னேலியா. சீசரின் சகோதரியர் இருவரும் ஜூலியா, மகளும் ஜூலியாவே! அடையாளம் தெரிய மூத்தவள், இளையவள் என்று சேர்த்துச் சொன்னார்கள். மூன்றாமவள் 'தெர்த்தியா'. அதற்கு மூன்றாவது என்பதே பொருள்.

இதே உரோமானியர் தம் புராணங்களில் அறிவுக்கும் கைத்தொழிலுக்கும் மினெர்வா என்னும் பெண் தெய்வத்தைப் போற்றினர். கப்பித்தோல் குன்றின் பெருங்கோவிலில் ஜூப்பிட்டர், ஜூனோ ஆகியோருடன் அவளுக்கும் இடம் தந்தனர். ஆனால் மண்ணில் பிறந்த பெண்ணுக்கு வாக்கும் இல்லை, ஆட்சிப் பதவியும் இல்லை. வானத்துப் பெண்ணை வணங்கிவிட்டு, வீட்டுப் பெண்ணை எண்ணிட்டு அழைப்பது என்ன நீதி?

இந்நிலையிலும் ஒருத்தி எழுந்தாள். கி. மு. 44-இல் சீசர் கொல்லப்பட்டார். கொன்றவர்களோடு போரிட மார்க் அந்தோனி, ஒக்டேவியன், லெப்பிடுஸ் ஆகிய மூவருக்கும் பணம் தேவைப்பட்டது. கி. மு. 42-இல் செல்வக் குடும்பத்துப் பெண்கள் 1,400 பேர் மீது வரி விதித்தனர். அப்பெண்களுக்காக வாதாட ஆடவர் எவரும் துணியவில்லை. அப்போது பொதுமன்றத்தில் பேசியவள் ஹொர்த்தென்சியா. பெரும் பேச்சாளர் ஹொர்த்தென்சியுஸின் மகள் அவள். பதவியிலும் ஆட்சியிலும் பங்கில்லாத நாங்கள் வரியில் மட்டும் ஏன் பங்கு கொள்ள வேண்டும் என்று கேட்டாள். அந்நியர் படையெடுத்தால் தருவோம், உள்நாட்டுப் போருக்குத் தரமாட்டோம் என்றாள். சினங்கொண்ட மூவரும் பெண்களை விரட்டச் சொன்னார்கள். கூடியிருந்த மக்களோ எதிர்த்துக் குரல் எழுப்பினர். மறுநாளே 1,400 என்பது 400 ஆகக் குறைந்தது. நூறாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னும் அவ்வுரை படிக்கப்படுவதாகவும், அது பெண் என்பதற்காகக் காட்டிய சலுகை அன்று என்றும் குவிந்திலியன் என்னும் பேராசிரியர் எழுதி வைத்தார்.

ஹொர்த்தென்சியா செல்வப் பெண்களுக்காகத்தானே பேசினாள் என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். அங்கே அடிமைப் பெண்களுக்காகப் பேசுவார் யாருமில்லை. ஆனால் அவளைப் பேச வைத்தது செல்வம் மட்டும் அன்று, கற்ற கல்வி. அதே செல்வம் படைத்த மற்றப் பெண்கள் பெயர் தெரியாமல் போனார்களே!

நம் வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். ஸ்டெல்லா என்றால் விண்மீன்; ரெஜினா என்றால் அரசி; கிளாரா என்றால் ஒளி மிக்கவள். எல்லாம் இலத்தீன் சொற்களே. இசையின் பாதுகாவலியான புனித செசிலியாவின் பெயர் கேசிலியுஸ் என்னும் குலப்பெயரிலிருந்து வந்தது. அக்குலத்துப் பெண்கள் எத்தனையோ பேர் அதைத் தாங்கி மறைந்தனர். இன்று அப்பெயரைக் கேட்டதும் நம் மனத்தில் நிற்பவர் அவர் ஒருவரே.

'தெர்த்தியா'வைக் கண்டு நகைக்குமுன், நம் நாட்டுப்புறங்களில் பெண் பிள்ளைக்குப் 'போதும்பொண்ணு' என்று பெயரிட்டதையும் நினைத்துப் பார்ப்போம். பெற்றோரே, பெண்ணை எண்ணாதீர்கள், பேச விடுங்கள்! தோழியரே, தேர்வுக்காக மட்டும் படித்து வாய்மூடி இராமல், நியாயத்துக்காக எழுந்து பேசவும் கற்போம். பெயர் பிறர் இட்டது. அதற்குப் பொருள் தருவது நம் கடமை என்பதே என் கருத்து.