விதைத் தகடும் தரப் பத்திரமும்

ஆய்வுக்கூட வைரங்களுக்கு நிறம், தெளிவு ஆகியவற்றின் படிநிலைகளைக் குறித்துப் பத்திரம் வழங்கும் வழக்கத்தை அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. நிறுவனம் கைவிட்டு, 2025 அக்டோபர் முதல் 'பிரீமியம்', 'ஸ்டாண்டர்டு' என்ற இரண்டே வகுப்புகளில் அவற்றை அடக்கிவிட்டது. சந்தைக்கு வருவனவற்றில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவை மிகக் குறுகிய எல்லைக்குள் அமைந்துவிடுகின்றன என்பது அது கூறும் காரணம். வியாபாரிகள் வருந்தலாம், படிகம் வளர்ப்போராகிய நமக்கோ இது நற்சாட்சியே.

ஆனால் புதிய வகுப்புகளும் நிறம், தெளிவு, மெருகு என்ற புறக் குணங்களையே நோக்குகின்றன; விதைத் தகட்டைப் பற்றி விசாரிப்பதில்லை. மீத்தேன் விகிதத்தையும் பிளாஸ்மாவின் உஷ்ணத்தையும் எவ்வளவு சிரத்தையுடன் காத்தாலும், தகட்டின் மேற்பரப்பில் தலைகாட்டும் இடப்பிறழ்வுகள் புதிய அடுக்குகளினூடே மேல்நோக்கி ஏறிச் செல்வதையும், மெருகிட்டபோது விளைந்த சேதம் மேலும் பல பிறழ்வுகளைப் பிறப்பிப்பதையும் சி.வி.டி. கலத்தருகே இரவெல்லாம் விழித்திருந்தவர் நன்கறிவர். மோதிரக் கல்லுக்கு அது குற்றமன்று. கதிரியக்க உணரிக்கும், நைட்ரஜன்-வெற்றிட மையங்களைக் கொண்டு காந்தப்புலம் அளக்கும் கருவிக்கும் அதுவே தலையாய குறை.

ஆகவேதான் விதையே மூலதனம் என்று இப்பத்திரிகை நெடுங்காலமாக வற்புறுத்தி வருகிறது. 2023-24 பட்ஜெட்டில் விதைகளின் மீதிருந்த 5 சதவீதச் சுங்கவரியை நீக்கிய அரசு, உள்நாட்டு விதைகளும் இயந்திரங்களும் உருவாகும் பொருட்டுச் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐந்தாண்டுகளுக்கு 242.96 கோடி ரூபாய் வழங்கவும் இசைந்தது. பின்னது போற்றத்தக்கது. ஆயினும் அந்நியத் தகட்டுக்கு வாயிலை அகலத் திறந்துவிட்டு, உள்நாட்டுத் தகட்டை வாங்குவோர் யார் என்பது பற்றி பட்ஜெட் உரையில் ஒரு சொல்லும் உரைக்காதது என்ன நியாயம்? விதைநெல்லுக்கு ஆண்டுதோறும் அயலாரிடம் கையேந்தும் குடியானவனை ஏரிகள் நிறைந்த இந்தச் செங்கற்பட்டுச் சீமையில் எவரும் மிராசுதார் என்று அழைப்பதில்லை.

பழைய மாமல்லபுரம் சாலையில், சங்கரநாராயணன்-ராமசாமி முறையால் உலகறிந்த பேராசிரியர் ராமசாமி ஆய்வு நடத்திய காலவாக்கம். அதனருகே தையூரில் ஐ.ஐ.டி.யின் புதிய வளாகம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கதிரியக்க உணரிகளின் தேவை என்றும் தீராத கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம். வளர்க்கத் தெரிந்தவரும் பயன்படுத்த வேண்டியவரும் ஒரே மாவட்டத்தில் இருக்க, இவர்களை ஒரு திட்டத்தின் கீழ் இணைக்க வேண்டும் என்ற எண்ணம் டில்லி அதிகாரிகளுக்கு உதிக்காதது நம் மனத்தை உறுத்துகிறது. ஒரு நிலையத்துக்குப் பணம் ஒதுக்கியதோடு கடமை தீர்ந்தது என்று அவர்கள் கருதுவார்களாயின், அந்த ஐந்தாண்டுகளும் கழிந்த பின்னரும் தகடுகள் வெளிநாட்டிலிருந்தே வரும்.

நம்மால் இயன்றதை நாம் செய்வோம். விதையின் பிறப்பிடம், முகச் சாய்வு, இடப்பிறழ்வு அடர்த்தி ஆகிய மூன்றையும் குறிப்பிடாத சி.வி.டி. வைரக் கட்டுரைகள் அடுத்த இதழ் முதல் இங்கே ஏற்கப்பட மாட்டா.