வாங்கும்போதே இருந்தது

கைத்தொலைபேசியில் எந்த உலாவியைப் பயன்படுத்துகிறீர்கள் என்று அண்மையில் சில மாணவர்களைக் கேட்டேன். ஏறக்குறைய எல்லாரும் குரோம் என்றார்கள். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்றதும் ஒருவர், "வாங்கும்போதே இருந்தது, சார்" என்றார். நெட்ஸ்கேப் நிறுவனத்தை வீழ்த்தியதில் பெரும்பங்கு இந்தப் பதிலுக்கு உண்டு.

ஜிம் கிளார்க்கும் மார்க் ஆண்ட்ரீசனும் 1994இல் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம் அது. 1995 ஆகஸ்டில் 28 டாலருக்கு வெளியிட்ட அதன் பங்கு, முதல் நாளே 58 டாலரைத் தாண்டியது. அதே மாதம் மைக்ரோசாப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரரைக் கொண்டுவந்தது. பின்னர் அதை விண்டோசுடன் சேர்த்து இலவசமாகவே கொடுத்தது. கணினியிலேயே ஓர் உலாவி இருக்கும்போது இன்னொன்றைத் தேடிப் போக எத்தனை பேருக்கு மனம் வரும்? அமெரிக்க அரசு 1998இல் வழக்குத் தொடுத்தது. மைக்ரோசாப்ட் சட்டத்தை மீறியதாகத் தீர்ப்பு வந்தபோது, நெட்ஸ்கேப் ஏற்கெனவே ஏஓஎல் நிறுவனத்துக்குக் கைமாறியிருந்தது.

ஆனாலும் பழி முழுவதையும் மைக்ரோசாப்ட் மீது போட எனக்கு மனம் ஒப்பவில்லை. 1998 மார்ச்சில் நெட்ஸ்கேப் தன் மூலநிரலை எல்லாருக்கும் திறந்துவிட்டது. துணிச்சலான முடிவு. ஆனால் அதே ஆண்டில் பழைய நிரலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து புதிதாக எழுதவும் தீர்மானித்தார்கள். பழைய நிரல் சிக்கலாக இருந்தது உண்மைதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் பிழை திருத்திப் பெற்ற அனுபவமும் அந்தச் சிக்கலுக்குள்தானே இருந்தது! நான்காம் பதிப்பு வந்தது 1997இல். ஐந்தாம் பதிப்பு வரவே இல்லை. ஆறாம் பதிப்பு 2000 நவம்பரில் வந்தபோது, அது மெதுவாகவும் பிழைகளோடும் இருந்தது. போட்டியாளர் ஓடிக்கொண்டிருக்கும்போது இவர்கள் காலணியைக் கழற்றிப் புதிதாகத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

திறந்துவிட்ட நிரல்தான் கடைசியில் காப்பாற்றியது. ஏஓஎல் 2003இல் கைவிட்டபோது, அது தந்த 20 லட்சம் டாலருடன் மொசில்லா அறக்கட்டளை உருவானது. 2004 நவம்பர் 9இல் பயர்பாக்ஸ் 1.0 வெளிவந்தது. வெற்றி உறுதி என்று மைக்ரோசாப்ட் தூங்கிவிட்டதும் உதவியது. எக்ஸ்புளோரரின் ஆறாம் பதிப்புக்கும் ஏழாம் பதிப்புக்கும் இடையே ஐந்து ஆண்டுகள்! பயர்பாக்ஸ் ரசிகர்களோ ஆயிரக்கணக்கில் நன்கொடை திரட்டி, நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இரண்டு பக்க விளம்பரமே கொடுத்தார்கள்.

2008இல் குரோம் வந்தது. பிறகு ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசிகளில் அதுவே முன்கூட்டி இடம்பிடித்தது. பழைய கதை, புதிய முதலாளி. இன்று பயர்பாக்ஸின் பங்கு மிகச் சிறியது. அதைவிட உறுத்துவது, மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகள் தருவது என்பதுதான். கூகளைத் தேடுபொறியாக முன்வைப்பதற்கான கட்டணம் அது. போட்டியாளர் கொடுக்கும் பணத்தில் போட்டியாளரையே எதிர்த்து நிற்பது எத்தனை காலத்துக்கு நடக்கும்?

ஓபராவும் மைக்ரோசாப்டின் எட்ஜும்கூட இப்போது குரோமின் அடிப்படை நிரலில்தான் இயங்குகின்றன. சொந்த இயந்திரத்தோடு மிஞ்சியிருக்கும் மிகச் சிலவற்றில் பயர்பாக்ஸ் ஒன்று. தன்னார்வலர்களின் உழைப்பால் அது தமிழிலும் கிடைக்கிறது. அந்த மாணவரிடம் இதைச் சொன்னேன். பதிவிறக்கிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.