திண்ணையிற் படித்த நூல்

செஞ்சிக் கோட்டையின் நிழலில் வளர்ந்தவன் நான். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்து நிற்கும் மதிலைக் காணாத நாள் என் இளமையில் இல்லை. ஆயினும், அம்மதிலுக்குள் வாழ்ந்தோரை எனக்கு முதன்முதற் காட்டியது கோட்டையன்று, ஒரு நூல். சந்தையில் விற்ற 'பெரிய எழுத்து' தேசிங்குராஜன் கதையே அது.

என் பாட்டியார் எழுத்தறியாதவர். விளக்கேற்றிய பின் திண்ணையில் அமர்ந்து, அக்கதையை என்னைப் படிக்கச் செய்து கேட்பார். அண்டை வீட்டாரும் வந்து கூடுவர். பாராசாரி என்னும் முரட்டுக் குதிரையைத் தேசிங்கு அடக்கும் இடத்தில் அனைவரும் மகிழ்வர். மணக்கோலத்தில் இருந்த மோவுத்துக்காரன், நண்பனுக்குப் போர் வந்ததென்று கேட்டதும் மணத்தை விட்டு எழும் இடத்தில் பாட்டியார் கண்கலங்குவார். தேசிங்கு தன் வாளை மேலே எறிந்து மார்பில் ஏற்று மாளும் இடத்தில் என் குரலும் தழுதழுக்கும். தடையின்றி உரக்கப் படிக்க நான் பழகியது அத்திண்ணையிலேதான்.

பின்னர் இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்றுத் தமிழாசிரியனானேன். கல்வியோடு செருக்கும் வளர்ந்தது. ஒருநாள் வகுப்பில் மாணவன் ஒருவன் அதே கதைநூலை மறைத்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தான். "பிழை மலிந்த இதுவும் ஒரு நூலா?" என்று கடிந்து அதனைப் பறித்துக்கொண்டேன். அவன் மறுமொழி கூறவில்லை. அதன்பின் பாடநூல் ஒழிய வேறு நூலை அவன் கையில் நான் கண்டதுமில்லை.

அண்மையில், பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் ஆங்கிலத்தில் எழுதி, 1943ஆம் ஆண்டில் வெளிவந்த செஞ்சி வரலாற்றைப் படித்தேன். 1677இல் சிவாஜி இக்கோட்டையைக் கைப்பற்றியதும், 1698இல் மொகலாயர் நெடிய முற்றுகைக்குப் பின் வென்றதும், 1750இல் பிரெஞ்சுக்காரர் பிடித்ததும் ஆகிய செய்திகளை அறிந்தேன். தேசிங்கு ஓராண்டும் நிரம்ப ஆளவில்லை. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானோடு பொருது, 1714இல் இளம் வயதிலேயே வீழ்ந்தான். கதை பாடும் வீரப் போருக்குப் பின்னே கப்பப் பாக்கி என்னும் கணக்கு வழக்கும் இருந்தது.

'ஆயின், கதை பொய்யன்றோ?' எனச் சிலர் வினவுவர். கதையை வரலாறு என்று கொள்ளுதல் பிழையே. ஆனால், வரலாறு அன்று என்பதற்காக அதனைத் தள்ளுதலும் பிழையாகும். நிகழ்ந்தது யாது என்பதை வரலாறு உரைக்கும். மக்கள் மறக்க விரும்பாதது யாது என்பதைக் கதை உரைக்கும். நெடுங்காலம் ஆண்டோர் பலரை இவ்வூரார் மறந்தனர். சில திங்களே ஆண்ட இளைஞனையும், வேற்றுச் சமயத்தவனாயினும் அவனுக்காக உயிர்விட்ட தோழனையும் மறந்திலர். நம் முன்னோர் நட்பை எவ்வளவு போற்றினர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? மேலும், பாட்டியார் கேட்ட கதை என் நெஞ்சில் இல்லையேல், முதுமையில் அவ்வரலாற்று நூலை நான் தேடியிருக்கவே மாட்டேன்.

அன்று பறித்த நூல் இன்னும் என் பெட்டியில் உள்ளது. வரலாற்றைப் படித்து முடித்தபின் அதனை எடுத்து மீண்டும் படித்தேன். என் குரல் மறுபடியும் தழுதழுத்தது. அந்நூலை அன்று மாலையே அம்மாணவனிடம் திருப்பித் தந்திருத்தல் வேண்டும். தராதது என் குற்றம்.

மாணவர்களே, செஞ்சிக் கோட்டை 2025ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. கல்லைக் காக்க அரசு உண்டு; கதையைக் காக்கப் படிப்போரே வேண்டும். ஒருவர் இகழ்ந்தார் என்பதற்காக, அவர் ஆசிரியரேயாயினும், நீங்கள் விரும்பும் நூலைக் கைவிடாதீர்கள். அதனை முழுதும் படியுங்கள். வீட்டிலுள்ள முதியோர்க்கும் படித்துக் காட்டுங்கள். பின்னர் அதனினும் பெரிய நூலைத் தேடிச் செல்லுங்கள்.