கேமராவுக்கு 70,000, பைக்கு 500: இந்தக் கணக்கு எங்கே உதைக்குது?



போனஸ் கைக்கு வந்ததும் எனக்குத் தவறாம வர்ற கேள்வி ஒண்ணு: "ப்ரோ, கேமரா வாங்கலாமா? இஎம்ஐ போடலாமா?" அதைப் பத்தி நிறையப் பேசியாச்சு. இன்னைக்கு யாருமே கேட்காத கேள்விக்கு வரேன். வாங்குற கேமராவை எதுல வெச்சு எடுத்துட்டுப் போகப் போறீங்க?

சிரிக்காதீங்க. இந்தப் பாடத்துக்கு நான் கட்டின ஃபீஸ் 11,500 ரூபாய்.

சிஏ முடிச்சு முதல் வேலையில சேர்ந்த வருஷம். 12 மாச இஎம்ஐல கேமரா வாங்கினேன். லென்ஸ், மெமரி கார்டு, ட்ரைபாட் எல்லாத்துக்கும் எக்செல்ல ஒரு வரி இருந்தது. பைக்கு மட்டும் இல்ல. ஆபீஸ் லேப்டாப் பை இருக்கே, டவலைச் சுத்தி உள்ளே வெச்சா போதும்னு நினைச்சேன். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போற வழியில பஸ் ஒரு சடன் பிரேக் போட்டுச்சு. மேலே ராக்குல இருந்த பை நேரா கீழே வந்து விழுந்தது. லென்ஸ் மாட்டுற வளையம் வளைஞ்சு போச்சு. கீழே விழுந்து உடைஞ்சதுக்கு வாரண்டி கிடையாது. ரிப்பேர் முடிஞ்சு வர ரெண்டு மாசம் ஆச்சு. கையில இல்லாத கேமராவுக்கு ரெண்டு தவணை கட்டினேன். ஊர் கணக்கையெல்லாம் ஆடிட் பண்றவன் சொந்தக் கணக்குல கோட்டை விட்ட கதை இதுதான்.

அதனால என் கருத்து ரெண்டே வரி. பையோட விலையைக் கேமரா விலையோட சேர்த்துப் போடுங்க. ஆனா இன்னைக்குக் கையில இருக்குற கியருக்கு மட்டும் பை வாங்குங்க.

முதல் வரியைப் பார்ப்போம். 70,000 ரூபாய் கியருக்கு 5%, அதாவது 3,500 ரூபாய் வரைக்கும் பைக்கு ஒதுக்கலாம். இது என்னோட தோராயக் கணக்கு. அதைத் தாண்டாதீங்க. கியர் விலை லட்சங்கள்ல போச்சுன்னா சதவீதம் தானா குறையணும். மாசத்துக்கு மூணு நாலு தடவை, வருஷத்துக்கு 40 தடவை வெளியே எடுத்துட்டுப் போறீங்கன்னு வெச்சுக்கலாம். பை 5 வருஷம் உழைச்சா 200 தடவை. ஒரு தடவைக்கு 17 ரூபாய் 50 பைசா. ஒரு டீ, ஒரு வடை காசு. இதை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நான் 11,500 கட்டினேன்.

ரெண்டாவது வரிதான் முக்கியம். கடையில எல்லாரும் செய்ற தப்பு, "நாளைக்கு இன்னொரு லென்ஸ் வாங்குவோம்ல"னு ரெண்டு சைஸ் பெருசா எடுக்குறது. பையில காலி இடம் இருந்தா அதை நிரப்பச் சொல்லி மனசு கேட்டுக்கிட்டே இருக்கும். பெரிய வீடு கட்டினா ஃபர்னிச்சர் செலவு கூடுற மாதிரிதான். சின்னப் பை ஒரு பட்ஜெட் லிமிட். புது லென்ஸ் வேணும்னா, இருக்குறதுல ஒண்ணை வித்துட்டு வாங்கலாமான்னு யோசிக்க வைக்கும்.

எடைக் கணக்கும் பாருங்க. கேனான் ஆர்50 பாடி சுமார் 375 கிராம். கூட வர்ற 18-45 லென்ஸ் 130, 55-210 லென்ஸ் 270, 50 எம்எம் லென்ஸ் 160. மொத்தம் 935 கிராம். ஒரு கிலோ கூட இல்ல! இதுக்கு எதுக்குப் பெரிய பேக்பேக்? ஒரு சின்ன ஷோல்டர் பை தாராளம். சோனி ஏ7 ஃபோர், கூட 24-70, 70-200 ஜிஎம் டூ லென்ஸ்னு போனா கிட்டத்தட்ட 2.4 கிலோ. பை, சார்ஜர், தண்ணி பாட்டில் சேர்த்தா நாலு கிலோவை நெருங்கும். நாள் முழுக்க அதை ஒரே தோள்ல தொங்க விடாதீங்க. அவங்களுக்குப் பேக்பேக்தான் சரி.

கடைக்குப் போகும்போது உங்க கேமராவைக் கையோட எடுத்துட்டுப் போங்க. லென்ஸ் மாட்டினபடியே உள்ளே வைங்க. மூடி அழுத்தாம மூடணும். பையோட அடியில உள்ளங்கையை வெச்சு, பையை மெதுவா மேஜையில தட்டுங்க. மேஜையோட கடினம் கையில தெரிஞ்சா அந்தப் பை வேண்டாம். விழும்போது முதல் அடி அங்கேதான். ஸ்பாஞ்சைக் கட்டைவிரலால அழுத்தினா உடனே பழைய நிலைக்கு வரணும். உள் தடுப்புகள் வெல்க்ரோவுல இறுக்கமா ஒட்டணும். பட்டை பையோட சேர்ற இடத்துத் தையலை நல்லா இழுத்துப் பாருங்க. மழை உறை இருக்கான்னு கேளுங்க. வெளியே கேமரா பிராண்ட் பேரு பெருசா இல்லாம இருந்தா இன்னும் நல்லது. மின்சார ரயில் கூட்டத்துல "உள்ளே கேமரா இருக்கு"னு நாமளே விளம்பரம் பண்ண வேண்டாமே.

பிராண்ட் மோகம் வேண்டாம்னு சொல்ல ஒரு கதை இருக்கு. உலகத்துலயே விலை உயர்ந்த கேமரா பைகள்ல ஒண்ணு இங்கிலாந்தோட பில்லிங்ஹாம். 1973ல தொடங்குன அந்தக் கம்பெனி ஆரம்பத்துல தைச்சது மீன் பிடிக்கிறவங்களுக்கான பை! போட்டோகிராஃபர்கள் அதை வாங்கிப் பயன்படுத்துறது தெரிஞ்ச பிறகுதான் கேமரா பைக்கு மாறினாங்க. உங்க வீட்டுல உறுதியான ஜோல்னா பை இருந்தா, ஸ்பாஞ்ச் தடுப்பு வெச்ச உள்பெட்டி மட்டும் தனியா வாங்கி உள்ளே வைங்க. பாதிச் செலவுல வேலை முடிஞ்சுடும்.

ஒரு எச்சரிக்கை. பை பயணத்துக்குத்தான், குடியிருக்க இல்ல. நம்ம ஊர் ஈரப்பதத்துல ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், லென்ஸ்ல பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் வெளியே எடுங்க. காத்துப் புகாத டப்பாவுல சிலிகா ஜெல் போட்டு வைங்க.

வரி விஷயமும் சொல்லிடுறேன். சம்பளத்துல இருந்து கேமராவையோ பையையோ கழிக்க முடியாது. ஆனா வார இறுதியில கல்யாணம் ஷூட் பண்ணிச் சம்பாதிச்சா, அது தொழில் வருமானம். அதுக்கு எதிரா பையைச் செலவாவும், கேமராவுக்கு வருஷத் தேய்மானத்தையும் காட்டலாம். உத்தேச வருமான முறையில கணக்கு காட்டினா மட்டும் இதெல்லாம் தனியா கழிக்க வராது. எதுவா இருந்தாலும் பில் உங்க பேர்ல இருக்கட்டும், பணம் யுபிஐ இல்லைனா கார்டுல போகட்டும்.

இப்பவே உங்க கேமரா பட்ஜெட் ஷீட்டைத் திறங்க. "பை"னு ஒரு வரி சேருங்க. மொத்தம் கைக்கு அடங்கலையா? பையை வெட்டாதீங்க. ஒரு லென்ஸை அடுத்த போனஸுக்குத் தள்ளிப் போடுங்க.